மணல் குடித்த மருந்து

பெருநகர்
3-6-86

அன்புள்ள தம்பி வரதனுக்கு அக்கா ஆதிலட்சுமி எழுதுவது. இங்கே நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். கை வரவில்லை, அதனால் விட்டுவிட்டேன். நீ சைதாப்பேட்டையில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நலமாக இரு.

உன் மாமாவுக்கு முதுகு வலி என்று சித்திரையில் ஒரு கார்டு போட்டேன். நீ பதில் எழுதவில்லை. பட்டணத்து ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவனுக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் இடுப்பு வலி, கால் வலி என்றுதான் எழுதுவார்கள். அலுத்துப் போயிருக்கும். ஆனால் இது அந்த வலி இல்லை வரதா. மனிதர் படுக்க முடியாமல் நெல் மூட்டைகள் மேல் சாய்ந்து நின்றபடியே கண்ணை மூடுகிறார். நின்றால் ஐந்து நிமிஷம், உட்கார்ந்தால் அதுவும் இல்லை. துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடிக்கிறார். அக்கம்பக்கத்தில் கேட்கக் கூடாதாம்.

முதலில் பெட்டிக்கடைத் தலைவலி மாத்திரை போட்டார். காப்பியோடு இரண்டு போட்டால் ஒரு பொழுது தாங்கியது. பிறகு நாலு போட்டாலும் கேட்கவில்லை. ஒரு டாக்டர் மூட்டு வாதம் என்று சிவப்பு மாத்திரை கொடுத்தார். வலி கொஞ்சம் அடங்கியது, வயிறு கொள்ளியாக எரிந்தது. சோறு இறங்காத மனிதர் வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டிருந்தார். போன வாரம் வெளிக்குத் தார் மாதிரிக் கறுப்பாகப் போயிற்று. இன்னொருத்தர் வயிற்றுப் பிடிப்புக்கான ஊசியை முதுகு வலிக்குப் போட்டார். எலும்பு கட்டுகிறவர் வந்து முட்டை வெள்ளையும் உளுத்தம் மாவும் குழைத்துக் கட்டினார். தைலம் தேய்த்துத் தேய்த்து என் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது.

நேற்று கிணற்றுக் கட்டைமேல் உட்கார்ந்திருந்தார். "இங்க இன்னா பண்ணிக்கினு கீறீங்க?" என்று கேட்டேன். "சும்மா குந்திக்கினு கீறேன்டி" என்றார். சும்மா உட்காருகிற மனிதரா உன் மாமா? அவருக்குத் தெரியாமல் வீட்டில் இருக்கிற கயிற்றையெல்லாம் எடுத்து ஒளித்துவிட்டேன். எனக்குப் பிள்ளையா குட்டியா, அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்? நீ படித்ததெல்லாம் எதற்கு? ஏதாவது செய்.

கண்ணீரோடு,
அக்கா ஆதிலட்சுமி


சைதாப்பேட்டை
6-6-86

என் அன்பு அக்காவுக்கு வரதனின் வணக்கம். கார்டுக்குப் பதில் போடாதது என் சோம்பேறித்தனம்தான். வந்து காதைத் திருகு. இப்போது நான் எழுதுவதை நிதானமாகப் படி.

வலி மருந்து என்று ஒரே மருந்து கிடையாது அக்கா. பெட்டிக்கடை மாத்திரை தலைவலிக்கும் உடம்பு அசதிக்கும். அதில் காப்பிச் சத்தும் கலந்திருப்பதால் போட்டவுடன் தெம்பு வந்த மாதிரி இருக்கும். பாராசிட்டமால் என்று ஒன்று காய்ச்சலுக்கும் சின்ன வலிக்கும் கொடுப்போம். வயிற்றுக்குச் சாது, அளவு மீறினால் ஈரலைக் கெடுத்துவிடும். அந்தச் சிவப்பு மாத்திரை மூட்டு வீக்கத்தை அடக்குவது. வெறும் வயிற்றில் போட்டால் குடலைப் புண்ணாக்கும். கறுப்பாகப் போனது புண்ணிலிருந்து வந்த ரத்தம். இன்றோடு நிறுத்திவிடு. வயிற்றுப் பிடிப்பு ஊசி குடல் முறுக்கிக்கொண்டால் தளர்த்துவதற்கு. முதுகெலும்புக்கு அது என்ன செய்யும்?

இத்தனைக்கும் அடங்கவில்லை என்றால் வலி எங்கிருந்து வருகிறது என்று படம் எடுத்துப் பார்க்க வேண்டும். மாமாவை உடனே இங்கே அழைத்து வா. பஸ்ஸில் பின் சீட் வேண்டாம், தூக்கிப் போடும். இடுப்புக்கு இரண்டு பக்கமும் தலையணை வை. கயிற்றை ஒளித்தது நல்ல காரியம். கொல்லையில் இருக்கும் பூச்சி மருந்தையும் அப்புறப்படுத்து.

உன் தம்பி,
வரதன்


பெருநகர்
30-6-86

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. உன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். பட்டணத்திலிருந்து சௌக்கியமாக வந்து சேர்ந்தோம்.

வரதா, அவர் தூங்குகிறார். கட்டிலில் நீட்டிப் படுத்துத் தூங்குகிறார். குறட்டை விடுகிறார்! அந்தக் குறட்டைக்காக எத்தனை வருஷம் அவரைத் திட்டியிருக்கிறேன். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேழ்வரகுக் கூழுக்குக் கருவாடு கேட்டார். தடியை ஊன்றிக்கொண்டு வரப்பு வரைக்கும் போய்ச் சொர்ணவாரி நெற்பயிரைப் பார்த்துவிட்டு, களை எடுக்கிற முனியம்மாளை அதட்டிவிட்டு வந்தார். அவள் என்னிடம் வந்து, "உன் வூட்டுக்காரு மறுபடியும் மனுசனாயிட்டாரு" என்று சிரித்தாள்.

நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் கொடுக்கச் சொன்னாய். வீட்டுக் கடிகாரம் நின்று எத்தனையோ காலம் ஆயிற்று. முதல் காஞ்சிபுரம் பஸ் ஆரன், பள்ளிக்கூடத்து மணி, ரேடியோ செய்தி என்று வைத்துக்கொண்டு கொடுத்து வருகிறேன். பஸ் தாமதமானால் டிரைவரைத் திட்டுகிறேன், பாவம் அவன்.

ஒன்று கேட்கிறேன். இந்தக் கசப்புத் தண்ணீர் என்ன மருந்து? எத்தனை புட்டி குடித்தால் முழுசாகக் குணமாகும்? கிளம்பும் அன்று பெரிய டாக்டர் உங்கள் இரண்டு பேரையும் தனியாக உட்கார வைத்துப் பேசினாரே, என்ன சொன்னார்? உன் மாமாவைக் கேட்டால், "வேளைக்கு மருந்து குட்த்தா போதும்னாரு" என்கிறார். அதைச் சொல்ல அவ்வளவு நேரமா?

அன்புடன்,
அக்கா


சைதாப்பேட்டை
4-7-86

அன்பு அக்காவுக்கு, கடிதம் கண்டு சந்தோஷம். மாமாவின் குறட்டை இங்கே வரைக்கும் கேட்டது.

அந்த மருந்தின் பெயர் மார்ஃபின். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே தூளை அளந்து கலக்குகிறோம். அபின் வகை என்பதால் புதுச் சட்டம் வந்த பிறகு பூட்டிய பீரோவில்தான் இருக்கும். பெரிய டாக்டர் கையெழுத்து இல்லாமல் ஒரு சொட்டு வெளியே போகாது. அதனால் கொட்டாதே, இடுப்பு வலி என்று யாராவது கேட்டால் இரக்கப்பட்டுக் கொடுத்துவிடாதே. மாமாவுக்குப் பழகிய அளவு இன்னொருத்தருக்கு மூச்சை நிறுத்திவிடும். மலம் கட்டும், ராத்திரியில் விளக்கெண்ணெய் கொடு. முதல் சில நாள் குமட்டினால் பயப்படாதே.

மிக முக்கியமானது, வலி இல்லாவிட்டாலும் வேளை தவறாமல் கொடு. வலி வந்த பிறகு கொடுத்தால் அதைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கும்.

டாக்டர் சொன்னதைப் பற்றிக் கேட்டாய். மாமா சொன்னது சரிதான், மருந்து வேளைக்குப் போக வேண்டும். மற்றதை நேரில் பேசலாம். அடுத்த புட்டியை நானே எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
வரதன்


பெருநகர்
4-8-86

சிரஞ்சீவி தம்பி வரதனுக்கு அக்காவின் ஆசீர்வாதம். இன்றைக்கு நலம் என்று எழுதுகிறேன். நலம், நலம், நலம்.

உன்னிடம் சொல்லாமல் ஒரு வேண்டுதல் வைத்திருந்தேன். உன் மாமா தன் காலால் நடந்தால் ஆற்றங்கரைப் பச்சையம்மனுக்குப் பொங்கல் வைத்து, என் தலைமுடியைக் கொடுக்கிறேன் என்று. நேற்று ஆடி ஞாயிறு. நிறைவேற்றிவிட்டேன். நீ போன வாரம் மருந்து கொண்டு வந்தபோதே சொல்லியிருப்பேன். பட்டணத்துப் பிள்ளை, முடியை இறக்காதே அக்கா என்று மூக்கால் அழுவாய். இப்போது என் தலை சந்தனம் பூசி ஜில்லென்று இருக்கிறது. உன் மாமா பார்த்துவிட்டு, "பழனியாண்டி மாதிரி கீறே" என்று கேலி செய்தார். கேலி செய்கிறார் வரதா!

பூசாரி வேதகிரிமேல் அம்மன் இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "உன் வூட்டு நோவ நான் எத்துக்கினேன். நான் எத்துக்கினப்புறம் அங்க மருந்துக்கு இன்னா வேலை?" சின்ன வயதில் உனக்கு அம்மை போட்டபோது வீட்டில் மருந்து வைத்துக்கொண்டோமா? வேப்பிலைதானே? அம்மன் வாங்கிக்கொண்ட நோய்க்கு மருந்து கொடுத்தால் அவளை நம்பவில்லை என்றுதானே அர்த்தம். அதனால் நீ கொண்டு வந்த புதுப் புட்டியைத் திறந்து, கையெடுத்துக் கும்பிட்டு, ஆற்று மணலில் ஊற்றிவிட்டேன். செய்யாற்றில் இப்போது தண்ணீர் ஏது, மணல் அப்படியே குடித்துவிட்டது.

உன் மாமா கரையில் உட்கார்ந்து புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா பாக்கறீங்க?" என்றேன். "ஒண்ணுல்லடி. ஊத்து" என்றார்.

இனிமேல் நீ மருந்துக்காக அலைய வேண்டாம். அறுப்புக்கு வா, புதுநெல் சோறு போடுகிறேன்.

மகிழ்ச்சியுடன்,
அக்கா ஆதிலட்சுமி


பெருநகர்
6-8-86

வரதா, ஓடி வா.

திங்கட்கிழமை ராத்திரியே தொடங்கிவிட்டது. முன்னைவிட மோசம். உடம்பெல்லாம் வியர்வை, பல் கிட்டுகிறது, வயிற்றைப் பிடுங்குகிறது என்கிறார், பேதியாகிறது. முதுகில் கை வைக்க முடியவில்லை. இப்போது துண்டைக் கடிப்பதில்லை. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்துகிறார். பக்கத்து வீட்டில் குழந்தைகளை வேறு தெருவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

என்ன குற்றம் செய்தேன் என்று தெரியவில்லை. பொங்கல் பொங்கும்போது வடக்கே சரிந்தது, அதுவா? மொட்டை போட்ட பிறகு கண்ணாடி பார்த்தேன், அதுவா? வேப்பிலை அடித்தேன், மஞ்சள் துணியில் காசு முடிந்தேன். ஈரப் புடவையோடு கோயிலைச் சுற்றி உருண்டேன். அவள் கேட்கவில்லை. வீட்டில் அந்தப் பழைய சிவப்பு மாத்திரை இருக்கிறது. கொடுக்கலாமா? கொடுத்தால் அம்மன் இன்னும் கோபிப்பாளா?

நான் என்ன செய்யட்டும், எழுது. எழுதாதே, வா.

அக்கா


சைதாப்பேட்டை
7-8-86

அக்கா, உன் திங்கட்கிழமைக் கடிதம் இன்று காலையில் வந்தது. உத்திரமேரூர் பஸ் கண்டக்டர் பெருமாளிடம் இதையும் ஒரு பொட்டலத்தையும் கொடுத்தனுப்புகிறேன். உனக்கு இப்போது அங்கே என்ன நடந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். மாமாவுக்கு வலி திரும்பியிருக்கும். வியர்க்கும், நடுங்கும், வயிறு பிடுங்கும். சாமி குற்றம் எதுவும் இல்லை. பழகிய மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு அப்படித்தான் செய்யும். சிவப்பு மாத்திரையைத் தொடாதே.

பொட்டலத்தில் இருப்பது கோடீன். ஏணியில் கீழ்ப்படி உன் பெட்டிக்கடை மாத்திரை, மேல்படி மார்ஃபின் என்றால் இது நடுப்படி. முழு வலியை அடக்காது, கொஞ்சம் குறைக்கும். சீட்டில் எழுதியபடி கொடு.

இனி மறைத்துப் பயனில்லை அக்கா. அந்தக் கசப்புத் தண்ணீர் வலிக்கு மட்டும்தான். நோய்க்கு இல்லை. மாமாவின் முதுகெலும்பில் இருப்பது புற்று. வேறு இடங்களுக்கும் பரவிவிட்டது. அன்று டாக்டர் தனியாகச் சொன்னது அதுதான், குணமாக்க முடியாது, வலியில்லாமல் வைத்திருக்க முடியும் என்றார். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அறுப்பு முடியற வரைக்கும் உங்க அக்காகிட்ட சொல்லாதடா. அவ பயிரப் போட்டுட்டு என் மூஞ்சப் பாத்துக்கினு குந்திப்பா" என்றார். சத்தியம் வாங்கினார். நீ கேட்டு எழுதியபோது எழுதாமல் நழுவினேன், நேரில் வந்தபோதும் சொல்லவில்லை.

நானே ஓடி வந்திருப்பேன். வெறுங்கையோடு வந்து என்ன செய்ய? இந்த மாதப் புட்டி கொடுத்தாயிற்று என்று பதிவாகிவிட்டது. பெரிய டாக்டர் டெல்லி போயிருக்கிறார், செவ்வாய்க்கிழமைதான் வருகிறார். சாவி வைத்திருப்பவர் காலில் விழுந்து பார்த்துவிட்டேன். "ஆத்துல ஊத்தினாங்கன்னு எழுதிக் குட்த்தா யாருய்யா நம்புவா?" என்கிறார். தினமும் நானே தொடுகிற பீரோ அது. உடைத்துவிடலாமா என்று அதன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

செவ்வாய் வரை எப்படியாவது.

வரதன்


பெருநகர்
8-8-86

வரதனுக்கு,

பெருமாள் பொட்டலத்தைக் கொடுத்தார். மாத்திரை கொடுத்தேன். கத்தல் முனகலாயிற்று, அவ்வளவுதான்.

கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். புற்று என்று எழுதியிருந்த இடத்தில் எனக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பிறகு எழுதியிருந்தாயே, சத்தியம் வாங்கினார் என்று, அங்கேதான் உட்கார்ந்துவிட்டேன். நான் மொட்டைத் தலையோடு ஊருக்கெல்லாம் பொங்கல் பரிமாறினேன். நீங்கள் இரண்டு பேரும் எனக்கு வேடிக்கை காட்டினீர்களா? ஆதிலட்சுமி நாற்று நட ஆவாள், களை எடுக்க ஆவாள், மலம் அள்ள ஆவாள். விஷயம் தெரிந்துகொள்ள மட்டும் ஆகமாட்டாளா?

வேதகிரி பூசாரி விபூதியோடு வந்தார். வாசலோடு அனுப்பிவிட்டேன். பாவம், அவரைச் சொல்லி என்ன? அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

செவ்வாய் வரை எப்படியாவது என்று எழுதியிருக்கிறாய். இங்கே வந்து ஒரு நாழிகை அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு அந்த வார்த்தையை எழுது. "என்னக் கொன்னுட்றி, உனுக்குப் புண்ணியமாப் போவும்" என்று கேட்கிறார். என்னையே கேட்கிறார்.

மருந்தோடு வா. மருந்தில்லாமல் இந்த வாசலை மிதிக்காதே.

ஆதிலட்சுமி


பெருநகர்
16-9-86

தம்பி வரதனுக்கு ஆதிலட்சுமி எழுதுவது.

சாவுக்கு வந்தாய், காரியத்துக்கு வந்தாய், ஓரமாக நின்றுவிட்டுப் போனாய். நான் உன்னோடு பேசவில்லை. பத்துப் பேர் எதிரில் பேசுகிற பேச்சு இல்லை அது. இப்போது வீட்டில் யாரும் இல்லை, எழுதுகிறேன்.

நீ புதன்கிழமை வந்து பாதி அளவிலிருந்து மறுபடி கொடுக்கத் தொடங்கினாய். ஞாயிற்றுக்கிழமை முகம் தெளிந்தது. நீ வேலைக்குத் திரும்பின பிறகு ஒரு நாள் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நான் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். "அவன ஏன்டி திட்றே? நான்தான் சொல்லாதன்னேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஆற்றங்கரை நினைவுக்கு வந்தது. இவருக்கு எல்லாம் தெரியுமே! அந்தத் தண்ணீர் போனால் என்ன வரும் என்று என்னைவிட இவருக்குத்தானே தெரியும்? "அன்னிக்கி நான் மணல்ல ஊத்தறப்போ ஏன் தடுக்கல?" என்று கேட்டேன். கஞ்சியைக் கீழே வைத்தார். "உன் மூஞ்சிய நீ பாக்கலியேடி. அவ்ளோ சந்தோசமா கீறே. எப்பிட்றி நிறுத்துன்னு சொல்றது?" என்றார்.

என் சந்தோஷத்துக்காக அத்தனை நாள் அந்த வலியைப் பட்டிருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் வந்தது அன்பு என்று நினைக்காதே. கோபம்தான் வந்தது. இப்போதும் போகவில்லை. ஊற்றியது என் கை. ஆனால் எனக்குத் தெரிந்திருந்தால் அந்தக் கை ஊற்றியிருக்குமா? நீங்கள் இரண்டு பேரும் எனக்குச் செய்த நல்லதுக்கு அவர் உடம்பு அழுதது.

மற்றபடி கடைசி நாட்கள் நல்ல நாட்கள். எனக்கும் தெரிந்துவிட்டதால் மறைக்க ஒன்றுமில்லை. எந்த நிலத்தை யாருக்குக் குத்தகை விடுவது, யாரை நம்பக் கூடாது எல்லாம் சொன்னார். சொர்ணவாரி அறுத்துக் களத்தில் அடித்தபோது கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போடச் சொன்னார். நெல் உதிர்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று சாயந்திரம் பள்ளிக்கூட மணிக்கு மருந்து கொடுத்தேன், கசக்கிறது என்று முகத்தைச் சுளித்தார். ரேடியோ செய்திக்குக் கொடுக்கப் போனபோது இல்லை. துண்டு தோளிலேயே இருந்தது, கடிக்கவில்லை.

புட்டியில் பாதிக்கு மேல் மீதி இருக்கிறது. நெல் மூட்டைக்குப் பின்னால் துணி சுற்றி வைத்திருக்கிறேன். முனியம்மாள் இடுப்பு வலிக்கு ஒரு முழுங்கு கேட்டாள், கொடுக்கவில்லை. மணலிலும் ஊற்ற மாட்டேன். இது எந்தச் சட்டத்தில் எப்படித் திரும்பப் போக வேண்டுமோ, அப்படிப் போகட்டும். நீ வந்து எடுத்துக்கொண்டு போ. வந்தால் வாசலில் நிற்காதே, உள்ளே வந்து சாப்பிடு. புதுநெல் சோறு போடுகிறேன் என்று எழுதியிருந்தேன், அந்த நெல் இன்னும் இருக்கிறது.

இனிமேல் ஒரு ஆண் பிள்ளை கையில் அந்தப் புட்டியைக் கொடுக்கும்போது அவன் பெண்டாட்டி எங்கே என்று கேள். ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்து பையையும் செருப்பையும் காவல் காத்துக்கொண்டிருப்பாள். அவளைக் கூப்பிட்டு இது எதற்கு, எதற்கு இல்லை என்று சொல். அழுவாள், அழட்டும். ஊற்றுகிறவள் அவள்தான்.

இப்படிக்கு,
உன் அக்கா
ஆதிலட்சுமி